இரண்டு நாள் இளைய எலிகள்

எங்கள் ஆய்வகத்தின் வெள்ளைப் பலகையில் பதினொரு மரபணுக்களின் பெயர்கள் வரிசையாக இருந்தன. அந்தத் திங்கட்கிழமைக்குள், இனி பயனில்லை என்று எட்டின் மேல் கோடு விழுந்துவிட்டது. மீதி மூன்றில் ஏழாவது வரி என்னுடையது.

கோடு போட, ஆய்வகத்தை நடத்தும் மேடம் எப்போதும் நீல மார்க்கரைத்தான் எடுப்பார். அன்றும் அதன் மூடியைக் கழற்றினார். நான் ஸ்டூலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

“ஒன்றரை வருஷம் ஆச்சும்மா,” என்றார். “செய்தி வருது, ஆனா ரெண்டு நாள் தாமதமா வருது. புரதம் வரவே இல்ல. இதுக்கு மேலயும் இதைக் கட்டிக்கிட்டு அழணுமா?”

சொல்வதற்கு என்னிடம் நான்கு காரணங்கள் இருந்தன. ஞாயிற்றுக்கிழமையே நோட்டில் எண் போட்டு எழுதியிருந்தேன். நோட்டு மடியில் இருந்தது. வாய்தான் திறக்கவில்லை.

“வெள்ளிக்கிழமை மீட்டிங் வரைக்கும் பாரு. ஒண்ணும் வரலேன்னா நீ சராசரிகூட சேர்ந்துக்கோ,” என்று மூடியைத் திரும்பப் போட்டார்.

சராசரி என்பது எங்கள் ஆய்வகத்தின் மூத்த ஆய்வாளருக்கு நாங்கள் வைத்த பெயர். எந்த எண்ணைப் பார்த்தாலும் சராசரி கேட்பார். மூன்று பேர் டீ குடித்தால் ஆளுக்கு எத்தனை மில்லி என்று வகுத்துச் சொல்வார். பலகையின் மற்ற மரபணுக்களைப் பார்த்து, எல்லா எண்களையும் ஒரே வரைபடத்தில் புள்ளிகளாக வைப்பது அவருடைய ஒரு வேலை. விந்தணுக்கள் நீந்துவதைப் படம் பிடித்துக் கணினியில் எண்ணுவது இன்னொரு வேலை. அதில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் அங்கே என் ஏழாவது வரி இருக்காது.

“அது ஏழு இல்ல, ஏழரை,” என்று சராசரி என் பக்கம் குனிந்து சொன்னார். “விடு. என் வரைபடத்துல ஒன்றரை வருஷமா உன் ஒரு புள்ளி மட்டும் கூட்டத்துல சேராம நிக்குது. பார்த்தாலே கண்ணு வலிக்குது.”

நான் சிரித்தேன். அழுகை வரும்போதும் எனக்குச் சிரிக்கத்தான் தெரியும்.

எங்கள் வேலையைச் சொல்ல அதிக நேரம் ஆகாது. விந்தணுவாக மாறப்போகும் செல் கடைசியில் தன் உட்கருவை மிக இறுக்கமாக மடித்துக் கட்டிவிடும். கட்டிய பிறகு எந்த மரபணுவையும் திறந்து படிக்க முடியாது. ஊருக்குக் கிளம்புகிறவர் பெட்டியைப் பூட்டிச் சாவியையும் உள்ளேயே போட்டுவிட்டது போல. ஆகவே வழியில் தேவைப்படும் சீப்பு, துண்டு எல்லாவற்றையும் முன்பே வெளியே எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். செல்லும் அதைத்தான் செய்கிறது. தேவையான மரபணுக்களை முன்னதாகவே நகல் எடுக்கிறது. அந்த நகலைத்தான் நாங்கள் செய்தி என்போம். செய்தி நாள்கணக்கில் பேசாமல் காத்திருக்கும். வேளை வந்ததும் அதிலிருந்து புரதம் உருவாகும்.

எலிக்குட்டிகளில் இது முதல் முறை நடக்கும்போது கிட்டத்தட்ட நாள் தவறாமல் நடக்கும். குட்டியின் வயது தெரிந்தால் உள்ளே எந்தச் செல் வரை வந்திருக்கிறது என்று சொல்லிவிடலாம். வளர்ந்த எலியில் எல்லா வயதுச் செல்களும் கலந்து கிடக்கும். எங்கள் சாயம் அங்கே எல்லா விந்தணு வால்களிலும் ஒட்டிக்கொண்டு குழப்பும். அதனால் குட்டிகளில் மட்டும் பார்த்தோம், முப்பது நாள் வரை. பலகையில் இருந்த மற்ற நல்ல மரபணுக்கள் இருபத்திரண்டாம் நாள் செய்தி எழுதின, முப்பதாம் நாள் புரதம் காட்டின. என்னுடையது இருபத்து நான்கில் எழுதியது. முப்பதில் இருட்டு.

நாள் கணக்கில் நான் மிகவும் கவனமானவள். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் எலிக்கூடத்தின் கதவோரம் நின்று பார்த்தேன். எலிகளைப் பார்த்துக்கொள்ளும் அக்காவை எல்லோரும் எலியக்கா என்பார்கள். குட்டி போட்ட கூண்டை அவர் இரண்டு நாள் தொடமாட்டார். தொந்தரவு செய்தால் தாய் எலி மிரண்டு குட்டிகளைக் கடித்துவிடும். மூன்றாம் நாள் மூடியைத் திறந்தார், குட்டிகளை எண்ணினார், ஒரு கார்டை எழுதிக் கூண்டில் செருகினார். ஓ, கார்டில் இருப்பது மூன்றாம் நாளின் தேதி என்று புரிந்துகொண்டேன். ‘கார்டின் தேதியிலிருந்து இரண்டு நாள் கழிக்க’ என்று நோட்டில் எழுதி அடிக்கோடிட்டேன். யாரும் சொல்லாமலே கண்டுபிடித்ததில் எனக்குச் சின்னப் பெருமைகூட உண்டு.

வீட்டில் அம்மா, தங்கை, நான் மூன்று பேர். அம்மா வீட்டிலேயே துணி தைக்கிறாள். தங்கை பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறாள். அவள் பேச்சை நிறுத்த வேனின் பிரேக்கைவிடப் பெரிதாக ஏதாவது வேண்டும். அன்று சாயங்காலம் சித்தி போன் செய்தாள். ஸ்பீக்கரில் போட்டிருந்தார்கள்.

“மூத்தவ என்னதான் ஆராய்ச்சி பண்றா?”

அம்மா என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன்.

“எலி,” என்றாள் அம்மா.

“எலியில என்ன?”

“எலிதான்.”

“ஆம்பளை எலி, சித்தி,” என்றாள் தங்கை. “அதுக்கு மேல கேக்காதீங்க, மௌனச்சாமி வெட்கத்துல மயங்கி விழுந்துருவா.”

நான் உள்ளே போய்விட்டேன். வெள்ளிக்கிழமைக்கு இன்னும் நான்கு நாள்.

செவ்வாய்க்கிழமை காலை நடந்ததைச் சொல்ல எங்கள் வீட்டுக் கடிகாரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். தங்கை வேலைக்குச் சேர்ந்த நாளில் அவள் தாமதமாகக் கிளம்பக்கூடாது என்று அம்மா அதைப் பத்து நிமிடம் முன்னால் தள்ளி வைத்தாள். ஒரே வாரத்தில் தங்கை அதைத் தெரிந்துகொண்டாள். அதன் பிறகு மனதுக்குள் பத்தைக் கழித்துக்கொண்டு நிம்மதியாக இருந்தாள். முள் ஏழு பத்தைக் காட்டினால் அவளுக்கு மணி ஏழு.

அன்று முள் ஏழு பத்தைக் காட்டியது. அவள் காலை நீட்டி டீ குடித்துக்கொண்டிருந்தாள். போன் அடித்தது.

“இதோ வந்துட்டே இருக்கேங்க… இல்லையே, மணி ஏழுதானே… ஏழு பத்தா?” போனை வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்தாள். “அம்மா! கடிகாரத்தை என்ன பண்ணே?”

“நேத்து பேட்டரி மாத்தினேன். அப்படியே மணியையும் சரியா வச்சுட்டேன்.”

“யாரைக் கேட்டு சரியா வச்சே?”

“சரியா வைக்கறதுக்கு யாரைடி கேக்கணும்?”

“நான் பாட்டுக்கு பத்து நிமிஷத்தைக் கழிச்சுக்கிட்டு ராணி மாதிரி உக்காந்திருக்கேன்!”

“நீ மனசுக்குள்ள கழிக்கறது எனக்கு எப்படித் தெரியும்? ஒரு வார்த்தை கேக்க வாயில்லையா?”

வாயில்லையா என்று என் தங்கையைக் கேட்டது அதுதான் முதல் தடவையாக இருக்கும். அவள் சாவியை எடுத்துக்கொண்டு ஒரு செருப்போடு ஓடினாள். அம்மா அடுத்த செருப்பை ஜன்னல் வழியாக வீசினாள்.

நான் தட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். ஏற்கெனவே சரியாக இருப்பதிலிருந்து பத்தைக் கழித்தால் என்ன ஆகும்? இரண்டைக் கழித்தால்?

“உனக்கென்ன ஆச்சு? பேயறைஞ்ச மாதிரி இருக்கே,” என்றாள் அம்மா.

“ஒண்ணுமில்லம்மா. நான் ஒருத்தர்கிட்ட ஒரு கேள்வி கேக்கணும்.”

“கேளேன்.”

“அதான் பயமா இருக்கு.”

எலிக்கூடத்தில் எலியக்கா தண்ணீர்க் குப்பிகளை நிரப்பிக்கொண்டிருந்தார். ஒரு கூண்டைப் பார்த்து, “இப்பத்தானே வச்சேன், அதுக்குள்ள கவுத்துட்டியா, உன் அப்பன் வீட்டுக் குழாயா?” என்று திட்டிக்கொண்டிருந்தார். நான் கதவோரம் நின்றேன். எப்போதும் நிற்கும் அதே இடம். பிறகு ஒரு அடி உள்ளே வைத்தேன்.

“அக்கா.”

அவர் திரும்பிப் பார்த்தார். “அட. உனக்குக் குரல் இருக்கா? ஒன்றரை வருஷமா சீட்டு எழுதிக் குடுத்துட்டுப் போவியே.”

“கார்டுல நீங்க போடற தேதி… அது எந்த நாளோடது அக்கா?”

“என்ன கேள்வி? பொறந்த நாளோடது.”

“நீங்க மூணாம் நாள்தானே திறக்கறீங்க?”

“திறக்கறது எண்ணறதுக்கு. பொறந்தது தெரிய எதுக்குத் திறக்கணும்? முதல் நாள் பூசணிக்காய் மாதிரி உருண்டுக்கிட்டிருப்பா. மறுநாள் வயிறு ஒட்டிப்போய் நிப்பா. கூண்டுகிட்ட காதை வச்சா உள்ளே கீச்சு கீச்சுன்னு சத்தம். நான் என்ன குருடா, செவிடா?” குப்பியின் நுனியால் சுவரைக் காட்டினார். அங்கே ஒரு நாள்காட்டி தொங்கியது. கட்டங்களில் பொடிப்பொடியாகக் கூண்டு எண்கள். “அன்னன்னிக்கே குறிச்சு வச்சுடுவேன். மூணாம் நாள் கார்டு எழுதறப்போ இதைப் பார்த்துதான் எழுதறது.”

அந்த நாள்காட்டி நான் நின்ற கதவோரத்திலிருந்து தெரியாது. ஒரு அடி உள்ளே வந்தால் தெரியும்.

“நான் ரெண்டு நாள் கழிச்சுட்டேன் அக்கா.”

“எதுல?”

“எல்லாத்துலயும்.”

அவருக்குப் புரியச் சற்று நேரம் ஆனது. புரிந்ததும் கையிலிருந்த குப்பியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். “அடிப் பாவி! பொறக்கறதுக்கு ரெண்டு நாள் முன்னாடியே பொறந்ததா எழுதி என் புள்ளைங்களுக்கு வயசை ஏத்திட்டியா? பொம்பளைங்க வயசைக் குறைப்பாங்கன்னு கேட்டிருக்கேன். ஏத்தறவளை இப்பத்தான் பார்க்கறேன்.”

நான் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். நான் முப்பது என்று எழுதியதெல்லாம் இருபத்தெட்டு. புரதம் வரவேண்டிய நாளுக்கு நான் ஒருமுறைகூடப் போகவே இல்லை. ஒவ்வொரு முறையும் விருந்தினர் வருவதற்கு இரண்டு நாள் முன்னால் கதவைத் திறந்து பார்த்துவிட்டு, யாரும் வரவில்லை என்று சாத்தியிருக்கிறேன்.

புதிய குட்டிகள் வளரக் காத்திருக்க நேரமில்லை. ஆனால் எங்கள் ஆய்வகத்தில் ஒரு வழக்கம் உண்டு. யார் வேலையிலாவது எலிகள் மீந்துபோனால் விந்தகத் திசுவை வீணாக்காமல் மெழுகுக் கட்டிகளாகப் பதித்து வைப்போம். ஒவ்வொரு கட்டியிலும் எலியக்காவே வயதை எழுதுவார். என் திட்டம் முப்பதோடு நின்றதால் அந்தப் பெட்டிகளை நான் சீந்தியதே இல்லை. செவ்வாய் மத்தியானம் மூன்று இழுப்பறைகளைக் கவிழ்த்துத் தேடினேன். அவருடைய சாய்ந்த கையெழுத்தில் முப்பது நாள் மூன்று கட்டிகள், முப்பத்திரண்டு நாள் மூன்று.

அன்றே மெழுகைச் சீவினேன். சீவல்கள் ஒன்றோடொன்று ஒட்டிய மெழுகு நாடா நன்றாக வந்தது. வெதுவெதுப்பான நீரில் அதைப் படரவிட்டு ஸ்லைடில் ஏற்றினேன். புதன்கிழமை என் புரதம் இருக்கும் இடத்தில் ஒட்டிப் பச்சையாக ஒளிரும் சாயத்தைச் சொட்டு சொட்டாக விட்டு, குளிர்பெட்டியில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன். சாப்பாட்டில் உப்பே இல்லை என்று தங்கை சொன்ன பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அதற்குள் இரண்டு முறை போட்டுச் சாப்பிட்டிருந்தேன்.

வியாழக்கிழமை பதினொரு மணிக்கு நுண்ணோக்கி அறையின் விளக்கை அணைத்தேன். முதலில் என் பழைய ஸ்லைடு. இருட்டு. பிறகு எலியக்காவின் முப்பது.

விந்தணு உருவாகும் குழாய்களின் வெட்டுமுகங்கள் வட்டவட்டமாகக் கிடந்தன. சில வட்டங்களின் உள் ஓரத்தில் மெல்லிய பச்சைக் கீற்றுகள். நகம் வெட்டிப் போட்டது போல. ஒன்று, மூன்று, ஏழு. முப்பத்திரண்டை வைத்தேன். உள் வளையம் முழுவதும் பச்சை.

எனக்குக் கத்தத் தெரியாது. வெளியே போய்ச் சராசரியின் சட்டைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன். அவர் கண்ணை வைத்தார். வெகுநேரம் வரை கண்ணை எடுக்கவே இல்லை.

“எத்தனை எலி?” என்றார்.

“வயசுக்கு மூணு.”

“மூணுலயுமா?”

தலையாட்டினேன்.

“இன்னும் ரெண்டு வெட்டு போடு. சராசரி எடுக்கணும்,” என்றார். குரல் மட்டும் ஒரு மாதிரி இருந்தது. நாள் கணக்கை அவரிடம் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் வீடியோ நின்றுவிட்டது என்று ஓடினார்.

வெள்ளிக்கிழமை மீட்டிங்கில் திரையின் முன் நின்றேன். ஐந்து பேர். எனக்கு ஐநூறு பேர் போலத் தெரிந்தது. முதல் படம் முப்பத்திரண்டு நாள். பச்சை வளையம் சுவர் அளவுக்கு விரிந்ததும் மேடம் எழுந்தே விட்டார்.

“வந்துடுச்சா! முப்பத்திரண்டுலயா?” திரைக்குப் பக்கத்தில் போய்ப் பார்த்தார். “அப்ப பாரு, செய்தியும் ரெண்டு நாள் தாமதம், புரதமும் ரெண்டு நாள் தாமதம். இது பிந்தி வர்ற மரபணு! கூட்டத்துல சேராம தனியா நடக்குது. இதை மட்டுமே வச்சுத் தனிக் கட்டுரை எழுதலாம்மா. யாரும் பார்க்காத விஷயம்!”

எல்லோரும் கைதட்டினார்கள். எனக்கு யாரும் கைதட்டியதில்லை. காதெல்லாம் சூடாகிவிட்டது.

அடுத்த படம் முப்பது நாள். அதிலும் பச்சை இருந்தது. அதைக் காட்டினால் பிந்தி வரும் மரபணு என்பது கிடையாது. நான் கழித்த இரண்டு நாள்தான் உண்டு. படத்தைத் தாண்டிப்போக விரலின் ஒரு அசைவு போதும். மேடத்தின் முகத்தைப் பார்த்தேன். அவ்வளவு மகிழ்ச்சியாக அவரை நான் பார்த்ததே இல்லை.

ஒரு வார்த்தை கேக்க வாயில்லையா என்று அம்மா தையல் மெஷினுக்குப் பின்னாலிருந்து கேட்பது போல இருந்தது.

“இல்ல மேடம்,” என்றேன்.

இல்லை என்று நான் சொல்லி அங்கே யாரும் கேட்டதில்லை.

“இது பிந்தி வரல. சரியான நாள்லதான் வருது. நான்தான் நாளைத் தப்பா எழுதினேன்.” அடுத்த படத்தைப் போட்டேன். பச்சைக்குப் பக்கத்தில் மெழுகுக் கட்டியின் மேலிருந்த சாய்ந்த கையெழுத்தும் தெரிந்தது. “இது முப்பது. எலியக்கா எழுதின முப்பது. என் முப்பது எல்லாம் இருபத்தெட்டு. அவங்க மூணாம் நாள் கார்டு எழுதறதைப் பார்த்து, தேதியும் மூணாம் நாளோடதுன்னு நினைச்சுட்டேன். ஒன்றரை வருஷமா எல்லாத்துலயும் ரெண்டு நாள் கழிச்சிருக்கேன். செய்தி இருபத்து நாலுல இல்ல மேடம். இருபத்திரண்டுல.”

ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். இவ்வளவு நீளமாக நான் பேசியதை அந்த அறை கேட்டதில்லை. நானும்தான்.

மேடம் நாற்காலியில் உட்கார்ந்தார். சராசரி தன் நோட்டைத் திறந்து எதையோ அடித்து எழுதிக்கொண்டிருந்தார். திடீரென்று மேசையைத் தட்டினார்.

“ஒட்டுது! மேடம், ஒட்டுது! இருபத்து நாலுல ரெண்டு போனா இருபத்திரண்டு. அந்த ஒத்தைப் புள்ளி கூட்டத்துல வந்து உக்காந்துடுச்சு. ஒன்றரை வருஷமா என் கோட்டைக் கெடுத்தது நீதானா!” அவர் என்னைத் திட்டவில்லை. தொலைந்துபோன மாட்டைக் கண்டுபிடித்தவர் போல இருந்தார்.

“நீங்க எப்படித் தப்பிச்சீங்க?” என்று மேடம் அவரைக் கேட்டார்.

“நான் கார்டுல இருக்கறதை அப்படியே எழுதினேன் மேடம். நான் அவ்வளவு புத்திசாலி இல்ல.”

முதலில் சிரித்தது மேடம்தான். பிறகு என்னைப் பார்த்தார். “ஏம்மா, எலியக்காகிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?”

“எல்லாரும் அதையேதான் கேக்கறாங்க மேடம்.”

அவர் எழுந்து நீல மார்க்கரின் மூடியைக் கழற்றினார். பலகைக்குப் போய் ஏழாவது வரியின் பக்கத்தில் கையை வைத்தார். கோடு இழுத்தார். கோட்டின் முனையில் இரண்டு சின்னக் கீற்றுகள் போட்டு அதை அம்பாக்கினார். அம்பின் தொடக்கத்தில் இருபத்திரண்டு, முனையில் முப்பது என்று எழுதினார்.

“எட்டு நாள்,” என்றார் மெதுவாக. “எட்டு நாள் வாயைத் திறக்காம காத்திருந்திருக்கு. தனிக் கட்டுரை கிடையாது. ஆனா எல்லாரோட கட்டுரையிலயும் நீ இருக்கே. திங்கட்கிழமையிலேருந்து நீ எழுதின எல்லா லேபிளையும் நீயே திருத்தணும். எத்தனை இருக்கும்?”

“நானூத்திப் பன்னிரண்டு மேடம்.”

“ஒரு நாளைக்கு அம்பதுன்னு வச்சா…” என்று சராசரி ஆரம்பித்தார்.

இறங்கி எலிக்கூடத்துக்குப் போய், உள்ளே வந்து, நாள்காட்டிக்குக் கீழே நின்று எலியக்காவிடம் சொன்னேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டு, “என் எழுத்தைச் சுவர் அளவுக்குப் போட்டுக் காட்டினியா? முன்னாடியே சொல்லியிருந்தா இன்னும் அழகா எழுதியிருப்பேனே,” என்றார்.

நாலு மணிக்குத் தங்கை தன் வேனோடு வாசலில் நின்றாள். வெள்ளிக்கிழமை மட்டும் கடைசி நடையில் என்னையும் ஏற்றிக்கொள்வாள். நான் முன்னால் ஏறிக் கதவைச் சாத்துவதற்குள் ஆரம்பித்துவிட்டேன்.

“வந்துடுச்சுடி! முப்பதாம் நாள், நகம் வெட்டின மாதிரி பச்சையா, வட்டத்துக்கு உள் ஓரத்துல! செய்தி எட்டு நாள் முன்னாடியே எழுதி வச்சிருக்கு. உட்கரு இறுகினப்புறம் படிக்க முடியாதுல்ல, அதனால விந்தணு—”

“அக்கா!” தங்கை பிரேக்கை மிதித்தாள். கண்ணாடியில் பின்னால் காட்டினாள். பதினான்கு பிள்ளைகள் புத்தகப்பையோடு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். “வண்டி நிறைய பசங்க. கொஞ்சம் வாயை மூடுறியா?”

பிறந்ததிலிருந்து என்னிடம் யாரும் அதைச் சொன்னதில்லை. தங்கைக்கும் அது உறைத்திருக்க வேண்டும். ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி என்னை ஒரு மாதிரி பார்த்தாள். பிறகு இருவரும் சிரித்தோம். காரணம் தெரியாமலே பின்னாலிருந்தவர்களும் சிரித்தார்கள்.

“அந்த அக்கா என்ன சொல்றாங்க?” என்று முன்பல் இல்லாத ஒரு பெண் கேட்டாள்.

நான் இருக்கையில் திரும்பி உட்கார்ந்தேன். “பெட்டியைப் பூட்டறதுக்கு முன்னாடி சீப்பை எடுத்து வெளியே வச்சுக்கணும்,” என்றேன். “ஏன்னு சொல்லவா?”

சொல்லுங்க என்று பதினான்கு பேரும் கத்தினார்கள். வீடு வரும்வரை சொன்னேன்.